காலையில் நன்றாகத்தான் பேசினார்

அவரோடு சண்டை போடுவதென்றால் காலை பத்து மணிக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பத்து மணிக்குள் ஒரு வார்த்தை விட்டால் ஒன்பது வார்த்தை திரும்பி வரும். மாலை நாலு மணிக்கு மேல் என்ன சொன்னாலும் தலையைத் திருப்பாமல் டிரங்க் கால் விவரம் குறிக்கும் டிக்கெட்டில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பார். சரி, விட்டுவிட்டார் என்று நாம் நினைத்திருப்போம். மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து, ஹெட்செட்டைக் காதில் மாட்டும் முன்னால், "நேத்து சாயந்தரம் என்னமோ சொன்னியே, அதுக்குப் பதில் சொல்றேன், கேட்டுக்க" என்று ஆரம்பிப்பார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. தர்மபுரி மாவட்டத்துச் சின்ன ஊர் ஒன்றின் எக்ஸ்சேஞ்ச் அது. ஊரில் யாராவது போனை எடுத்தால் எங்கள் போர்டில் விளக்கு எரியும். நம்பரைக் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லி, அவர்கள் ஆமாம் என்ற பிறகுதான் ஒயரை எடுத்து அந்த நம்பரின் ஓட்டையில் செருக வேண்டும். நான் இருபத்து மூன்று வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அவருக்கு முப்பத்து நாலு இருக்கும். அக்கா என்று கூப்பிட்டேன். பெயரைப் போடட்டுமா என்று கேட்பதற்கு இன்று அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அதனால் பெயர் வேண்டாம்.

சும்மா சொல்லக்கூடாது, காலையில் அந்தக் குரலைக் கேட்க வேண்டும். மாங்காய் மண்டிக்காரர்கள், புளி வியாபாரிகள் எல்லாம் அவருடைய ஷிஃப்ட் பார்த்து கால் புக் பண்ணுவார்கள். பெங்களூர் லைனில் கன்னடம், இந்தப் பக்கம் தமிழ், நடுவே எங்களுக்கு ஒரு கேலி என்று மூன்று பேச்சு ஒரே வாயில் போகும். வீட்டில் மாம்பழக்கூழ் கம்பெனியில் கணக்கு எழுதும் கணவர், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள், மாமியார். "வூட்டுல நான் சொல்றத ஒருத்தரும் காது குடுத்துக் கேக்கறதில்ல. இங்க ஊரே கேக்குது" என்று ஒருமுறை சொன்னார். அந்த நாற்காலி அவருக்கு எவ்வளவு பெரிது என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவருடைய நாள் முழுக்கக் காலையிலேயே முடிந்துவிடும். விடிவதற்குள் சமைத்து, துவைத்து, களி கிண்டி, தானும் ஒரு பெரிய உருண்டையைத் தின்றுவிட்டுத்தான் வேலைக்கு வருவார். களியை மென்று தின்பவர்கள் எங்கள் பக்கம் கிடையாது, தொட்டு விழுங்குவதுதான். மாலையில் அவருக்கு அது தொண்டைக்குள் இறங்காது. கூழாகக் கரைத்து, அதையும் ஒரு மணி நேரம் வைத்துக் குடிப்பார். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவளுக்குக் களி இறங்கவில்லையாம் என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். சாயங்காலச் சமையலுக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்பது கணவரின் கட்சி.

எங்களுக்கும் எங்கள் கட்சி இருந்தது. மாலையில் அவர் சிரித்தால் மேலுதடு மட்டும் லேசாக ஏறும், கண் சிரிக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மாலை வணக்கம் சொன்னபோது அப்படித்தான் சிரித்தார். என்னைப் பார்த்தா இளிக்கிறாய் என்று ஒரு வருஷம் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். இமை பாதிக் கண்ணுக்குத் தொங்கும். அதனால் மோவாயைத் தூக்கி, கீழ்க்கண்ணால் போர்டைப் பார்ப்பார். சூப்பர்வைசர் அதற்குத் தலைக்கனம் என்று பெயர் வைத்தார். சில நாள் ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே கையால் வேலை பார்ப்பார். தூக்கம் வருகிறது, வேறென்ன என்று நாங்கள் சிரித்தோம்.

டாக்டரிடம் போகாமலில்லை. ஆஸ்பத்திரியில் ஓ.பி. காலை எட்டு மணிக்கு. எட்டு மணிக்கு அவர் கணீரென்று பேசுவார், கண் பளிச்சென்று இருக்கும். ரத்தம் கம்மி என்று டானிக் எழுதினார்கள். நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார்கள். ஒரு டாக்டர், வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று கேட்டாராம். "மாமியார் இருக்காங்க, அது நோயில சேத்தியான்னு கேட்டேன்" என்று எங்களிடம் வந்து சொல்லிச் சிரித்தார். சொன்னது காலையில்.

ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளச் சொல்லி என்னிடம் கேட்பார். என் காலை ஷிஃப்ட்டை இரண்டு தரம் கொடுத்தேன். மூன்றாம் தரம் கேட்டபோது, எனக்கும் சாயங்காலம் வீடு உண்டு அக்கா என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். கேட்டது மாலை என்பதால் பதில் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை.

அது நடந்து பத்து நாளுக்குள் தொப்பூர் கணவாயில் எங்கள் ஊர் லாரி ஒன்று கவிழ்ந்தது. அன்று எனக்கும் அவருக்கும் ஸ்பிளிட் டியூட்டி. காலையில் மூன்று மணி நேரம், மறுபடி மாலை நாலிலிருந்து எட்டு. ஆறரை மணிக்கு, கணவாயை ஒட்டிய ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து லாரியில் கூட வந்த மாற்று டிரைவர் லாரி முதலாளிக்குப் பேச முயன்றார். கால் வந்தது அக்காவின் போர்டில். நம்பரைத் திருப்பிச் சொன்னார். மூக்கால் பேசுகிற மாதிரி, வாயில் வெற்றிலை அடைத்த மாதிரி, அவர் சொன்னது எதுவுமே அந்தப் பக்கம் விளங்கவில்லை. டிரைவர் கத்தினார், வைத்தார், திரும்பப் போட்டார். மூன்று தரம். அக்கா என் பக்கம் திரும்பி, இதை நீ எடு என்று கையால் காட்டினார். எனக்கு என் போர்டில் நாலு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாடகத்தை வேறு யாரிடமாவது வைத்துக்கொள்ளட்டும் என்று நான் திரும்பிக்கொண்டேன்.

முதலாளிக்குச் செய்தி போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. லாரி இடுக்கில் மாட்டிக்கொண்ட டிரைவருக்கு ஒரு காலையே எடுக்க வேண்டியதாயிற்று. சீக்கிரம் சொல்லியிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் முதலாளி பெரிய இடம். ஆபரேட்டர் குடித்துவிட்டுப் பேசினாள் என்று எழுதிக் கொடுத்தார். ஒரு பொம்பளை, அதுவும் வேலை நேரத்தில், குடித்திருந்தாளாம்! ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

சூப்பர்வைசர் என்னிடம் ஸ்டேட்மெண்ட் கேட்டார். பக்கத்து நாற்காலி நான்தானே. எழுதினேன். "காலையில் நன்றாகத்தான் பேசினார். மாலையில் வேண்டுமென்றே குழறிப் பேசினார்." குடிக்கவில்லை என்று சேர்த்து எழுதியதில், அக்காவைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். குடித்திருந்தால் ஒரு நாள் தப்பு. வேண்டுமென்றே என்றால் வேலையே போகும்.

அவருக்குக் கொடுத்த மெமோவோடு என் ஸ்டேட்மெண்டின் நகலையும் வைத்துத் தந்திருந்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் உள்ளே வந்தபோது எக்ஸ்சேஞ்சே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் நேராக என்னிடம் வந்தார். மெடிக்கல் போர்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள், வெளியூர், நீயும் கூட வா என்றார். நான் எதற்கு என்றேன்.

"நீதான எழுதுன. நீயே வந்து பாரு."

போர்டு உட்காருவது காலை பத்து மணிக்கு. அதில்தான் சிக்கல். பத்து மணிக்கு அவருக்கு ஒன்றும் இருக்காது. அதற்கும் அவரிடம் ஒரு யோசனை இருந்தது. பேசப் பேசத்தான் குரல் தேய்கிறது என்று அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். பொம்மிடி ஸ்டேஷனில் விடியற்காலை ரயில் ஏறியதும் பையிலிருந்து டெலிபோன் டைரக்டரியை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். பெயர், ஊர், நம்பர். பெயர், ஊர், நம்பர். எதிர் சீட்டு அம்மாள் ஒருவர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இது எந்தச் சாமிக்குப் படிக்கிறது என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நாற்பது பக்கம் தாண்டியதும் குரல் மூக்குக்கு ஏறியது. அறுபதாவது பக்கத்தில் எழுத்துகள் குழைந்தன. இறங்கும்போது இடது இமை பாதி விழுந்திருந்தது. நடிக்கிறவள் இதற்கு ஏன் இத்தனை பாடுபட வேண்டும்?

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வர நேரமாகும் என்றார்கள். வராந்தாவில் பெஞ்சு. அக்கா டைரக்டரியைப் பிரித்தார். ஒரு நர்ஸ் வந்து, இது ஆஸ்பத்திரியா சந்தையா, வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று அதட்டினார். உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தார். வெளியே போகலாம் என்றால் எந்த நிமிஷம் பெயர் கூப்பிடுவார்களோ. இரண்டரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஓய்வு கிடைக்கக் கிடைக்க, அவர் வேண்டாம் வேண்டாம் என்று தவித்த அந்தக் குரல் திரும்பிக்கொண்டே இருந்தது. அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இமை ஏறியது. அவர் என்னைப் பார்த்து, "சரியாப் போச்சு கண்ணு" என்றார். அப்படி ஒரு துக்கத்தோடு அந்த வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உள்ளே பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள், மணியடித்த மாதிரி சொல்லியிருக்கிறார். நோய் ஒன்றும் இல்லை, வேலைக்குத் தகுதி உள்ளவர் என்று எழுதிவிட்டார்கள்.

மாலை ரயிலுக்காக ஸ்டேஷனில் காத்திருந்தபோது டீ வாங்கிக் கொடுத்தேன். முதல் வாய் மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது. அவர் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நாலு வருஷமாகச் சாயங்காலத்தில் எங்களோடு டீ குடிக்க வராததற்கு இதுதானா காரணம்? பெரிய மகாராணி, நம்மோடு உட்கார மாட்டாள் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அந்த பிளாட்பாரத்திலேயே எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கோபமும் வந்தது. ஓ.பி.தானே காலையில், எமர்ஜென்சி வார்டு இருபத்து நாலு மணி நேரமும் உண்டே என்று அந்த நொடியில் உறைத்தது. ரயிலை விட்டால் கணவர் கொன்றுவிடுவார் என்று அவர் சைகை காட்டினார். நான் கையைப் பிடித்து மறுபடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டியூட்டியில் இருந்தவர் ரொம்பச் சின்ன டாக்டர், பெண். பேச்சைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணச் சொன்னார். முப்பதில் சத்தம் நின்றுவிட்டது. கூரையைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். இரண்டு இமையும் கதவு சாத்துகிற மாதிரி மெல்ல இறங்கின. ஒரு ஊசி போட்டார். காத்திருந்தோம். கால் மணி நேரத்தில் இமை ஏறியது. அக்கா எச்சிலை விழுங்கிப் பார்த்தார், மறுபடி விழுங்கிப் பார்த்தார். பிறகு, "டாக்டரம்மா, இப்ப மணி என்னங்க?" என்றார். ஆறரை மணிக்கு அந்தக் காலைக் குரல்.

மயஸ்தீனியா என்று ஒரு பெயர் சொன்னார் டாக்டர். நரம்பு சொல்வது தசைக்கு எட்டாமல் போகிற நோய். தசை வேலை செய்யச் செய்யச் சோர்ந்துபோகும், ஓய்வு கொடுத்தால் தேறும். ஆயிரக்கணக்கான பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும், அந்த ஒருவரையும் நடிப்பு என்றுதான் சொல்வார்கள் என்றார். வேளாவேளைக்கு மாத்திரை எழுதினார். ஒரு வேளை தவறினாலும் மூச்சுக்கே ஆபத்து வரலாம், விளையாடாதீர்கள் என்று என்னிடமும் சொன்னார். அவர் எழுதிய சீட்டு மெடிக்கல் போர்டின் முடிவை மாற்றாது என்பதையும் அவரே சொன்னார்.

திரும்பும் ரயிலில் அக்கா வாய் ஓயாமல் பேசுவார் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ பாத்ததத்தான் எழுதுன, தப்புச் சொல்லல. என்னா பண்ணுது அக்கான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

நான் டாக்டர் எழுதிய சீட்டை எடுத்து, அடுத்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று பார்த்தேன்.

மாத்திரை வேலை செய்தது. கணவர் டிமிக்கிப் பேச்சை விட்டுவிட்டார். மாமியார் மட்டும், மாத்திரையில் சரியாகிறதென்றால் அது என்ன பெரிய நோய் என்றார். இதையே மெமோ மேல் நடக்கப்போகும் இலாகா விசாரணையிலும் கேட்பார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு போனால் நன்றாகப் பேசுவார். நன்றாகப் பேசினால் அன்று நடித்ததாக ஆகிவிடும். விசாரணை அதிகாரி வெளியூரிலிருந்து வந்தார். மாலை நாலு மணிக்கு, எங்கள் எக்ஸ்சேஞ்ச் மாடி அறையில். சாட்சி நான்.

படியேறும்போது பார்த்தேன், அக்காவின் இமை விழுந்திருந்தது. மத்தியான மாத்திரையைப் போடவில்லை. பர்ஸைத் திறந்து காட்டினார், உள்ளே காகிதத்தில் மடித்து இருந்தது. டாக்டர் சொன்னது மறந்துவிட்டதா, போடுங்கள் அக்கா என்று கெஞ்சினேன். பர்ஸை மூடி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. முதல் கேள்வியாகப் பெயரைக் கேட்டார். அக்கா சொன்னார். கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றார். மறுபடி முயன்றார். நான் சொல்லப் போனேன். அவங்களே சொல்லட்டும்மா என்று தடுத்துவிட்டார். மூன்றாம் தரம் அக்காவின் வாயிலிருந்து வெறும் காற்றுத்தான் வந்தது. தன் பெயரைச் சொல்ல முடியாமல் ஒரு மனுஷி, கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு நின்றார். அதிகாரி தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். ஒரு மடக்கு. புரையேறி, மூக்கால் வந்து, இருமக்கூடத் தெம்பில்லாமல் கழுத்து நரம்பு புடைத்தது. அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். நான் மாத்திரையை ஸ்பூனில் பொடித்துக் கரைத்து, தலையைத் தாங்கிப் பிடித்து, சொட்டுச் சொட்டாக விட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

முக்கால் மணி நேரத்தில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பெயர், கணவர் பெயர், ஊர், வேலையில் சேர்ந்த வருஷம் எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் சொன்னார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். கேலியாக இல்லை, நிஜமாகவே குழம்பித்தான் கேட்டார்.

"அப்ப இதுல எதும்மா நெசம்?"

"ரெண்டும் நான்தாங்க சார்."

நானும் என் பங்குக்கு எழுந்து, அன்று நான் எழுதியது தப்பு, வேண்டுமென்றே என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார். சின்ன டாக்டரின் சீட்டையும் என் வார்த்தையையும் சேர்த்து வைத்து, குற்றம் நிரூபணம் ஆகவில்லை என்று ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. எக்ஸ்சேஞ்சில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். உத்தரவில் இரண்டாவது பத்தி ஒன்று இருந்ததை யாரும் முதலில் படிக்கவில்லை. நோயாளி என்று தெரிந்துவிட்டபடியால் இவரைப் பொதுமக்களோடு பேசும் வேலையில் வைக்கலாகாது, உடனே போர்டிலிருந்து விடுவித்துப் பின்னறையில் டிக்கெட் அடுக்கும் வேலை தர வேண்டும் என்று இருந்தது.

காலை ஷிஃப்ட் மட்டுமாவது கொடுங்கள், மாத்திரை இருக்கிறது, ராத்திரி ஒன்பது வரைக்கும் என்னால் பேச முடியும் என்று அக்கா எழுதிக் கொடுத்தார். நானும் எழுதினேன். கருணையோடுதான் இந்த முடிவு எடுக்கப்பட்டது என்று பதில் வந்தது.

பின்னறையில் ஜன்னல் கிடையாது. ஊரே பேசிய பேச்சின் டிக்கெட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி நூல் கட்டுவது வேலை. வாயே திறக்க வேண்டாம். ஒரு நாள் நாலு மணிக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். மாத்திரை போட்டிருந்தார், நன்றாகக் குடித்தார். இந்தப் பக்கம் என் போர்டில் விளக்கு எரிவது திறந்த கதவு வழியே தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நடிக்கிறாள்னு சொன்ன வரைக்கும் என்னைய போர்டுல உக்கார வெச்சிருந்தாங்க கண்ணு. நெசமாலுமே சீக்காளின்னு நம்புனாங்க பாரு, அன்னைக்கே எழுப்பிட்டாங்க."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போ, போயி எடு என்றார். நான் போய் எடுத்தேன்.